டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்படாத எண்

ஆசிரியருக்கு வணக்கம்.

இதயச் செயலிழப்பு உள்ளவரிடம் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டால், "பம்பிங் 30 தான் இருக்காம்" என்ற பதில் உடனே வரும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று எக்கோ பரிசோதனை காட்டும் அந்த எண், நோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ள எல்லாருக்கும் மனப்பாடம். "மருத்துவமனையை விட்டுக் கிளம்பிய அன்று உங்கள் எடை எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. டிஸ்சார்ஜ் சீட்டைப் புரட்டினாலும் பல நேரம் அந்த எண் அதில் இருக்காது. பம்பிங் எண்ணை வைத்துக்கொண்டு நோயாளி வீட்டில் செய்யக்கூடியது எதுவுமில்லை. எடையை வைத்துக்கொண்டு நிறையச் செய்யலாம். இதயச் செயலிழப்பு நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் இருக்கும் எங்களுக்கு, திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேரும் பலரை இந்த ஓர் எண் காப்பாற்றியிருக்கும் என்ற எண்ணம் உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. 'செயலிழப்பு' என்றதும் இதயம் நின்றுபோகப் போகிறது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மாரடைப்பும் இதுவும் ஒன்று என்று நினைப்பவர்களும் உண்டு. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென அடைபடுவது. இதயச் செயலிழப்பில் உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இதயத்தால் தள்ள முடிவதில்லை, அல்லது வேண்டிய அளவு ரத்தத்தை உள்ளே வாங்கி நிரப்பிக்கொள்ள முடிவதில்லை. இரண்டாவது வகையில் பம்பிங் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். இதயம் சுருங்குவதில் குறை தெரியாது, விரிவதில்தான் விறைப்பு. 'பம்பிங் நார்மல்' என்ற ஒரு வரியை நம்பி, கால் வீக்கத்தையும் மூச்சு வாங்குவதையும் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறவர்கள் இந்த வகையில் அதிகம்.

எந்த வகையானாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும், உடலில் நீர் வற்றிவிட்டது என்று சிறுநீரகம் தப்புக்கணக்குப் போடுகிறது. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த நீர் காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் கோத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. கால் வீங்கியது கண்ணுக்குத் தெரியும் முன்பே இரண்டு மூன்று லிட்டர் உள்ளே சேர்ந்திருக்கக்கூடும். மூச்சுத் திணறல் வந்து நள்ளிரவில் ஓடுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே எடை ஏறத் தொடங்கியிருக்கும். அந்த நாட்களுக்குள் மருத்துவரிடம் பேசினால், மாத்திரை அளவை மாற்றியே பல நேரம் சரிசெய்துவிடலாம்.

எடை பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடும் குடிக்கும் முன்பு, ஒரே மாதிரியான உடையில், ஒரே எடைக்கருவியில் பார்க்க வேண்டும். கருவி கெட்டியான, சமமான தரையில் இருக்க வேண்டும். விரிப்பின் மேலோ மெத்தென்ற பாயின் மேலோ வைத்தால் எண் தப்பாக வரும். செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையில் செல்போன் இல்லாமல், எதையும் பிடிக்காமல் நிற்க வேண்டும். தடுமாற்றம் உள்ளவர் சுவரைப் பிடித்துக்கொண்டால் ஒரு கிலோ காணாமல் போய்விடும். அவர் கையை எடுக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு யாராவது அருகில் நின்றால் போதும். பார்த்த எண்ணை உடனே எழுதிவிட வேண்டும். அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று மெல்ல ஏறுவது நினைவில் நிற்காது, நோட்டில்தான் தெரியும்.

ஒப்பிட வேண்டியது எதனோடு? நேற்றைய எடையோடு மட்டும் அல்ல. சேர்ந்திருந்த நீரெல்லாம் வெளியேறி, வீக்கம் வடிந்து, மூச்சு சீரானபோது இருந்த எடையோடு ஒப்பிட வேண்டும். அதை 'உலர் எடை' என்கிறோம். டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாமல் போகும் எண் இதுதான். இதனோடு, வீட்டுக்கு வந்த மறுநாள் காலை வீட்டுக் கருவியில் வந்த எடையையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கருவிக்கும் வீட்டுக் கருவிக்கும் ஒன்றரைக் கிலோ வித்தியாசம் இருந்தால்கூட வியப்பில்லை. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினாலோ, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி மறுநாளும் இறங்காமல் இருந்தாலோ, அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். அடுத்த வாரம் செக்கப் இருக்கிறதே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தவறு.

எடைக்கருவியும் ஏமாற்றும். நோய் நீண்ட நாள் இருக்கும்போது பசி குறைந்து, சதை கரைந்து, உடல் இளைக்கும். அதே நேரம் நீர் சேரும். கரைந்த சதையும் சேர்ந்த நீரும் சமமாகிவிட்டால் கருவியில் எண் அசையாது, ஆனால் கால் வீங்கியிருக்கும். அதனால் உலர் எடையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவர் திரும்பக் கணிக்க வேண்டும். நோயாளியும் கருவியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டை விரலை வைத்து ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர். படுக்கையிலேயே இருப்பவருக்குக் காலில் தெரியாது, இடுப்பின் பின்புறம் கீழே பார்க்க வேண்டும். வேட்டியோ பாவாடையோ இடுப்பில் இறுகுவது, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு வருவது, இவையும் நீர் கோத்ததன் அடையாளமாக இருக்கலாம்.

தலையணைக் கணக்கையும் சொல்ல வேண்டும். பகல் முழுக்கக் காலில் இருந்த நீர், படுத்ததும் ரத்தத்தோடு திரும்பி நுரையீரலை அடைகிறது. அதனால்தான் உட்கார்ந்தால் இல்லாத மூச்சுத் திணறல் படுத்தால் வருகிறது. நேற்று வரை ஒரு தலையணையில் தூங்கியவர் இன்று இரண்டு கேட்டால், நாளை நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கினால், எடை எண் என்ன சொன்னாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். காலணி மாட்டக் குனிந்து அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டினாலும் அதே பொருள்தான். படுத்தால் கூடும் வறட்டு இருமலை வெறும் சளி என்று நினைத்து இருமல் மருந்து வாங்கிக் குடிப்பவர்கள் பலர். சில இருமல் சளி மருந்துகளில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் பொருள்கள் இருப்பதால் அது இரட்டைத் தவறாகிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால், நுரையோடு இளஞ்சிவப்புச் சளி வந்தால், போன் செய்து ஆலோசனை கேட்கும் கட்டம் தாண்டிவிட்டது. காலைத் தொங்கப்போட்டு நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். படுக்க வைக்கக் கூடாது.

இனி உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. தட்டையாக ஒரு தேக்கரண்டி அளவு, நாள் முழுவதற்கும். சமைக்கும்போது போடும் உப்பைக் குறைப்பவர்களும் பாக்கெட்டில் வரும் உப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாக்கெட்டின் பின்புறம் 'சோடியம்' என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால், 100 கிராமில் 2 கிராம் உப்பு. பாக்கெட் 250 கிராம் என்றால், அதை ஒரே வேளையில் தின்று முடிப்பவர் அன்றைய உப்பு முழுவதையும் முடித்துவிட்டார். தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரைகளை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. கரையும் பாராசிட்டமால் வகைகள் சிலவற்றில் ஒரு மாத்திரையிலேயே 400 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் உண்டு. நாளைக்கு எட்டு மாத்திரை போட்டால் அதிலிருந்தே 8 கிராம் உப்பு. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் பொங்கும் பொடிகளிலும் சோடியம் ஏராளம்.

உப்பைக் குறைக்கச் சொன்னதும் சிலர் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கிவிடுகிறார்கள். இது நல்ல எண்ணத்தில் செய்யும் ஆபத்து. அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம். இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகளும் ஸ்பைரோனோலாக்டோனும் ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றுபவை. மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக் கூடாது.

உப்பைக் கடுமையாகக் குறைக்கக் குறைக்க நல்லது என்றும் எண்ண வேண்டாம். 2022ல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு நாடுகளில் 806 நோயாளிகளைக் கொண்டது. நாளைக்கு 1500 மில்லிகிராமுக்குக் கீழே சோடியம் உண்ணச் சொல்லப்பட்டவர்களுக்கும் வழக்கமான அறிவுரை பெற்றவர்களுக்கும், மருத்துவமனையில் சேர்வதிலோ இறப்பிலோ தெளிவான வேறுபாடு தெரியவில்லை. உப்பே இல்லாத சாப்பாட்டை வாயில் வைக்க முடியாமல் பட்டினி கிடந்து இளைப்பவர்களைப் பார்க்கும் எங்களுக்கு, 5 கிராம் என்ற நடுவழியே நடைமுறைக்கு ஒத்ததாகப் படுகிறது.

தண்ணீர் விஷயத்திலும் இப்படித்தான். 'ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்காதீர்கள்' என்று எல்லாருக்கும் ஒரே விதமாகச் சொல்லும் பழக்கம் நீண்ட நாளாக இருக்கிறது. நிலையாக இருக்கும் நோயாளிகளில் இந்தக் கட்டுப்பாட்டால் பெரிய பயன் இல்லை, தாகத்தின் அவதிதான் கூடுகிறது என்று நெதர்லாந்தில் நடந்து 2025ல் வெளியான ஆய்வு காட்டியது. நோய் முற்றியவர்களுக்கும் ரத்தத்தில் சோடியம் குறைந்தவர்களுக்கும் அளவு தேவைப்படலாம். ஆகவே 'எனக்கு அளவு உண்டா, எத்தனை மில்லி?' என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அளவு சொல்லப்பட்டிருந்தால் பால், காபி, சூப், ஐஸ்கட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிட்டு, வேறு எதைக் குடித்தாலும் அதே அளவை அந்தப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவது, நோட்டில் கூட்டிக்கொண்டே போவதைவிட எளிது.

மாத்திரைகளைப் பற்றிப் பலருக்கு இருக்கும் புரிதல் தலைகீழானது. நீர் மாத்திரை போட்டதும் ஒரு மணி நேரத்தில் சிறுநீர் நிறையப் போகும், மூச்சு இலகுவாகும். அதனால் அதுதான் முக்கியமான மருந்து, மற்றவை துணை என்று நினைக்கிறார்கள். நீர் மாத்திரை அவதியைக் குறைக்கிறது. பம்பிங் குறைந்தவர்களுக்கு ஆயுளைக் கூட்டுபவை மற்ற நான்கு வகைகள்: ராமிப்ரில் வகை அல்லது அதற்குப் பதிலாக வந்த சக்யூபிட்ரில் சேர்ந்த மாத்திரை, கார்வெடிலால், பைசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன் வகை, டாபாகிளிஃப்ளோசின் வகை. இவற்றால் உடனே எதுவும் தெரியாது. பீட்டா பிளாக்கர் தொடங்கிய முதல் வாரங்களில் சோர்வு அதிகமாகவும் வாய்ப்புண்டு. 'இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடுவது அந்தக் கட்டத்தில்தான். டாபாகிளிஃப்ளோசினை மருந்துக் கடையில் 'இது சர்க்கரை மாத்திரை' என்று சொல்லிவிட்டால், சர்க்கரை நோய் இல்லாதவர் பயந்து விட்டுவிடுகிறார். இது சர்க்கரை இல்லாதவருக்கும் இதயத்துக்காகக் கொடுக்கப்படுவது என்று எழுதித் தருகிறவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது.

அளவை ஏன் அடிக்கடி கூட்டுகிறார்கள் என்றும் சொல்லப்படுவதில்லை. இந்த மருந்துகள் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போலப் படிப்படியாக ஏற்றப்பட வேண்டியவை. அளவு ஏறினால் நோய் முற்றிவிட்டது என்று பொருள் அல்ல. எழுந்ததும் தலை சுற்றினால் கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் பல நேரம் சரியாகிவிடும். மயக்கம் வந்தால் சொல்ல வேண்டும். எதையும் தானாக நிறுத்தக் கூடாது.

'பம்பிங் 30லிருந்து 55க்கு வந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு?' என்ற கேள்விக்கு ஓர் ஆய்வே பதில் சொல்லியிருக்கிறது. இதயம் விரிந்து பலவீனமாகி, மருந்தால் தேறிய 51 பேரில் ஒரு பாதிக்கு மட்டும், கண்காணிப்போடு, படிப்படியாக மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். 2018ல் முடிவு வெளியானது. மருந்தை நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பிவிட்டது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அந்த 55 மருந்து தாங்கிப் பிடித்திருக்கும் 55.

நீர் மாத்திரையின் நேரத்தைச் சொல்லிவிடுகிறோம். ஃப்யூரோஸ்மைடு ஏறத்தாழ ஆறு மணி நேரம் வேலை செய்யும். இரண்டு வேளை என்றால் காலையிலும் பிற்பகலிலும் போடலாம். இரவு எட்டு மணிக்குப் போட்டுவிட்டு நள்ளிரவில் நான்கு முறை எழுந்து, இருட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெளியே போக வேண்டிய நாளில் மாத்திரையை விட்டுவிடாமல், திரும்பி வந்ததும் போடலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். வழக்கமான அளவு போட்டும் சிறுநீர் குறைந்துவிட்டது என்றால், குடலிலும் நீர் கோத்து மருந்து சரியாக உறிஞ்சப்படாமல் இருக்கலாம். மருத்துவரை அழைக்க வேண்டிய காரணங்களில் அதுவும் ஒன்று.

வலி மாத்திரையைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், எடோரிகாக்சிப் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, உப்பைப் பிடித்து வைத்து, நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கின்றன. மூட்டு வலிக்கு நான்கு நாள் போட்டுவிட்டு ஐந்தாம் நாள் மூச்சுத் திணறலோடு வருவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. நோயாளி பொய் சொல்வதில்லை, வலி மாத்திரையை அவர் 'மருந்து' என்று கணக்கிடுவதே இல்லை. அதனால் 'வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டால் போதாது, 'வலிக்கு என்ன போடுகிறீர்கள்?' என்று கேட்க வேண்டும். வலிக்குச் சாதாரண பாராசிட்டமால் போடலாம், கரையும் வகை வேண்டாம். சர்க்கரை நோய்க்கான பியோகிளிட்டசோனும் நீரைச் சேர்க்கும். அதிமதுரம் உப்பைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை இறக்கிவிடும், இயற்கை என்பதால் தீங்கில்லை என்று எண்ண வேண்டாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாட்கள் வேறு மாதிரி. வழக்கமாக நாம் அஞ்சுவது நீர் சேர்வதை. அந்த நாட்களில் உடல் வறண்டுபோகும். நீர் மாத்திரை, ராமிப்ரில் வகை, ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் எல்லாவற்றையும் வழக்கம்போல் போட்டுக்கொண்டே இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், பொட்டாசியம் ஏறலாம். எந்த மாத்திரையை, எத்தனை நாள் நிறுத்தி, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி தொடங்குவது மிக முக்கியம். வயிற்றுப்போக்குக்கு நிறுத்திய மாத்திரையை மாதக்கணக்கில் மறந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனையும் இதனோடு சேர்ந்ததுதான். ஸ்பைரோனோலாக்டோன் இறப்பைக் குறைக்கிறது என்ற ஆய்வு 1999ல் வந்ததும் அது பரவலாக எழுதிக்கொடுக்கப்பட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதைத் தொடர்ந்து, பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை கூடியதை 2004ல் வெளியான ஆய்வு காட்டியது. நல்ல மருந்துதான், ஆனால் கண்காணிப்பு வேண்டும். அளவை மாற்றிய ஒன்று இரண்டு வாரத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்கச் சொன்னால், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நடக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நிலையாக இருப்பவர் நடக்க வேண்டும். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் சரியான வேகம். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியும், மருத்துவர் சொல்லும்போது நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நுரையீரல் தொற்றுப் போதும், மாதக்கணக்கான தேற்றத்தைக் குலைத்துவிடும்.

இவ்வளவையும் யார், எப்போது சொல்லித்தருவது? டிஸ்சார்ஜ் ஆகும் அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் நோயாளியின் கவனம் வீட்டில் இருக்கும், உறவினரின் கவனம் பில் கவுண்டரில் இருக்கும். அப்போது சொல்வது காதில் ஏறாது. 2005ல் வெளியான ஓர் ஆய்வில் 223 நோயாளிகளில் ஒரு பாதிக்கு, வழக்கமான அறிவுரையோடு கூடுதலாக ஒரு மணி நேரம், பயிற்சி பெற்ற செவிலியர் எதிரில் உட்கார்ந்து விளக்கினார். அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவமனைக்குத் திரும்புவது, இறப்பது இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், அவர்களிடம் அது குறைந்திருந்தது. புதிய கருவியோ புதிய மாத்திரையோ இல்லை, ஒரு மணி நேரப் பேச்சுதான்.

அந்தப் பேச்சிலும் 'புரிந்ததா?' என்று கேட்டுப் பயனில்லை, எல்லாரும் தலையாட்டுவார்கள். 'நாளை மறுநாள் எடை இரண்டரைக் கிலோ ஏறியிருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். 'தண்ணீரைக் குறைப்பேன்' என்று மட்டும் சொன்னால் இன்னும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று பொருள். வீட்டில் மாத்திரை எடுத்துக்கொடுப்பவர் மருமகள் என்றால் மருமகளுக்கும், சமைப்பவர் வேறொருவர் என்றால் அவருக்கும் சொல்ல வேண்டும். கண்பார்வை மங்கியவருக்கு எடைக்கருவியின் எண் தெரிகிறதா என்று ஏறச் சொல்லியே பார்த்துவிட வேண்டும்.

மருத்துவமனைகளை நாங்கள் கேட்டுக்கொள்வது இவ்வளவே. டிஸ்சார்ஜ் சீட்டின் முதல் பக்கத்தில், பம்பிங் எண்ணுக்குப் பக்கத்தில், உலர் எடையைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதன் கீழே, இத்தனை கிலோவைத் தாண்டினால் அழைக்கவும் என்று இன்னோர் எண். ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டிய தேதி. பிறகு ஒரு தொலைபேசி எண், அதுவும் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் விவரம் தெரிந்த ஒருவர் எடுக்கிற எண்ணாக இருக்க வேண்டும். எழுதித் தராத இடத்தில், நோயாளியோ வீட்டாரோ சீட்டை வாங்கும்போதே "கிளம்பும்போது எடை எவ்வளவு, எழுதிக்கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பராமரிக்கும் செவிலியர் சிலர்